பரணில் ஏறிய பெட்டியும் அடுத்த வீட்டுக்குப் போன அண்டாவும்

மல்காஜ்கிரி, செகந்திராபாத்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுபாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்காலும் என்னுடைய நாக்கும் மட்டும் வழக்கம்போலச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே டொரண்டோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். நம் வீட்டு நெட் உன் ஆபீஸ் பரீட்சையில் பாஸாகிவிட்டது என்று அப்பா அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து டிசம்பரில் வருகிறாய்! எனக்கு அன்றிலிருந்து ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதே நினைவில்லை, இரண்டு தடவை போட்டிருக்கிறேன் என்று அப்பா சொல்கிறார். ஆனால் அது எப்படிப் பாஸானது என்ற உண்மையைப் போனில் சொல்ல முடியாது, உன் அப்பா ஸ்பீக்கரில் போடாமல் பேசியதாகச் சரித்திரமே கிடையாது. என் சிநேகிதி ராஜத்தின் மருமகள் அடுத்த வாரம் அங்கே விமானம் ஏறுகிறாள், பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஆறு வாரம் இந்தியாவிலிருந்தே வேலை பார்க்க விடுவார்கள், ஆனால் வீட்டு நெட் சாயங்காலத்தில் சோதித்துப் பார்த்துச் சரியாக இருக்கவேண்டும், மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று நீ சொன்னாயே, அன்றைக்குப் பிடித்தது உன் அப்பாவுக்குப் பைத்தியம். பாலாநகர் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது மெஷின் வாங்கக்கூட மனுஷர் இத்தனை விசாரித்திருக்க மாட்டார். இந்த மாநிலத்தில் நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பாக்கியில்லை. வாரங்கல்லில் இருக்கும் உன் மாமா, அக்கா இங்க ஃபைபர் பறக்குது, கண்ண மூடிட்டு அதையே வாங்குங்க என்றான். விசாரித்தால் அந்தக் கம்பெனி நம் தெருமுனை பெட்ரோல் பங்க் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டதாம், பெட்ரோல் போட வருகிறவனுக்கு உண்டு, நமக்கு இல்லை. நிஜாமாபாத்தில் நல்ல பேர் எடுத்த இன்னொன்றைக் கரீம்நகரில் திட்டுகிறார்கள். ஒரே மாநிலம்தான், தெருவுக்குத் தெரு நெட் வேறு. கடைசியில் அப்பா ஒரு பெரிய அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், மழை பெய்தால் என்ன ஆகும், போன் செய்தால் எடுப்பார்களா என்று கட்டம் கட்டமாக. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவதெல்லாம் இறக்கும் வேகம்தானாம், வீடியோவில் பேசுகிறவர்களுக்கு வேண்டியது ஏற்றும் வேகம், அதைப் பொடி எழுத்தில் மூலையில் போட்டு வைப்பார்களாம். நானும் என் பங்குக்கு, வருகிறவர் செருப்பைக் கழற்றுவாரா என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் முழு மார்க் வாங்கியவர் நம் கேபிள்காரர் சலீம் ஒருவர்தான்.

முதலில் வயரே இல்லாமல் டவரிலிருந்து வாங்கிக்கொள்ளும் பெட்டி ஒன்றை வைத்துப் பார்த்தோம். அப்புறம் சலீமின் இணைப்பு. டென்ஷன் நக்கோம்மா, வேணவே வேணாம், மீட்டிங் என்ன, பூரா ஷாதியே, கல்யாணமே லைவ்ல போவும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது பெரிய கம்பெனி ஃபைபர். மூன்று பேரும் ஹாலில் வைக்கலாம் என்றுதான் சொன்னார்கள், நான்தான் ஹாலில் வயர் தொங்கினால் வீடு மாதிரியா இருக்கும் என்று பரணைக் காட்டினேன், அவர்கள் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தள்ளியும் வைத்தேன். ஆள் நிற்கும்போது பரணுக்குக் கீழே எல்லாமே பறந்தது. அவர் படியிறங்கிப் போனபிறகு, நீ உட்காரப்போகும் சின்ன ரூமில் பார்த்தால் ஒன்றும் நகரவில்லை. அப்பா உன் மாமாவை வீடியோவில் கூப்பிட்டார், திரையில் மாமா வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டான், தாம் சொன்னதைக் கேட்டுத்தான் பிரமித்துப்போனான் என்று நினைத்து உன் அப்பா மேலும் விளக்கிக்கொண்டே போனார். நான் சும்மா இருப்பேனா, மூன்று கம்பெனியோடும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் சண்டை போட்டேன், நிஜமான கோபம் வந்தபோது மட்டும் தமிழ் வந்துவிட்டது, அவர்களுக்குப் புரிந்திருக்காது என்பது ஒரு நிம்மதி. மாதக் கடைசியும் வந்துவிட்டது. நீ வருகிறாய் என்று அபார்ட்மெண்ட் முழுக்கத் தம்பட்டம் அடித்தது என் வாய்தானே, லிஃப்டில் மூணாவது மாடி கமலம், போன வருஷமும் இப்படித்தானே சொன்னீங்க மாதங்கி, வரட்டும் வரட்டும் என்று சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை சுபா, தமாஷ் இல்லை.

அப்போதுதான் எதிர் ஃப்ளாட் நூர் முகமது வீட்டம்மா வந்தாள். பெண்ணுக்கு ஷாதி, விருந்துக்குக் குபானி கா மீட்டா இனிப்புச் செய்ய உலர்ந்த குபானிப் பழத்தை ஊறப்போட வேண்டும், பெரிய அண்டா கொடுப்பீர்களா என்று கேட்டாள். எந்த அண்டா என்று உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தீபாவளிக்கு ஒன்றாக மோண்டா மார்க்கெட்டில் பித்தளையில் வாங்கி, அண்டாவுக்குள் அண்டா, பக்கத்தில் தவலை, குடம் என்று உன் கல்யாணத்துக்காகப் பரண் அடைய அடுக்கி வைத்திருப்பதுதான். இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது. நான் கொஞ்சம் இழுத்தேன். கைக்கு அக்கா, ஏன் இவ்ளோ யோசன, உங்க பொண்ணு ஷாதிக்குள்ள திருப்பிக் குடுத்துடுவோம் என்றாள். அதுக்கென்ன, நெறைய டைம் இருக்கும்மா என்று சொல்லி, ஒன்று கேட்டவளுக்கு விருந்துக்கு உதவட்டும் என்று எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்புகிறேன், சின்ன ரூமிலிருந்து உன் அப்பா, மாதங்கி, வந்துருச்சு வந்துருச்சு என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார், முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பரணை நிமிர்ந்து பார்த்தேன். அங்கே மூன்றாவது கம்பெனியின் பெட்டி மட்டும் தனியாகப் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சந்தேகம் தீர, கொடுக்காமல் விட்ட அண்டா மூடியை எடுத்துப் பெட்டிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தேன், உள்ளேயிருந்து, அய்யய்யோ போச்சு என்றார். எடுத்தேன், வந்துருச்சு என்றார். இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தேன், அது ஆராய்ச்சி இல்லை, கொழுப்பு. அப்புறம் மூடியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, அப்பா சோதனையை ஓட்டி உனக்குப் படம் அனுப்பும்வரை மூச்சுவிடாமல் நின்றேன். உன் கல்யாணத்துக்கு என்று நான் ஆசையாகச் சேர்த்ததெல்லாம் ஒன்றாக எழுந்து நின்று உன்னை வீட்டுக்கு வரவிடாமல் மறித்துக்கொண்டிருந்திருக்கிறது பார்.

அப்பாவிடம் நீயும் மூச்சுவிடாதே. தன் அட்டவணைதான் ஜெயித்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார், கமலத்தின் வீட்டுக்காரர் நேற்று தன் நெட் பில்லைத் தூக்கிக்கொண்டு ஆலோசனை கேட்க வந்தார், அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டாக்டர் மாதிரி பார்த்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. பாவம் சலீமைத்தான் காரணமில்லாமல் ஏசிவிட்டேன், தெருவில் நிறுத்திக் கை நிறைய முறுக்குக் கொடுத்தேன், இந்தம்மா அடுத்து என்ன கேட்கப்போகிறதோ என்று பயந்துகொண்டே வாங்கிக்கொண்டார். சின்ன ரூமுக்குப் புதுத் திரை போட்டாயிற்று, கரண்ட் போனாலும் பெட்டி அணையாமல் இன்வெர்ட்டரில் மாட்டியாயிற்று. நீ மீட்டிங்கில் இருக்கும்போது தோசையோடு உள்ளே வரமாட்டேன், கதவுக்கு வெளியே நின்று வாசனையை மட்டும் அனுப்புவேன். சாக்லேட் மூட்டை கட்டாதே, இருமல் இருந்தால் இப்போதே டாக்டரைப் பார், டிக்கெட்டில் சீட்டு ஜன்னல் ஓரமாகக் கேள்.

எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும், நல்லபடியாக வந்து சேர்.

உன் வரவுக்கு இப்போதே வாசலைப் பார்க்கும்,
அம்மா மாதங்கி

மறந்துவிட்டேனே: இன்று காலை நூர் முகமது வீட்டம்மா அண்டாவைத் துலக்கி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்று குபானி நிரப்பிய கிண்ணத்தையும் உள்ளே வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். என் மகள் வந்துவிட்டுப் போகும்வரை அவள் கல்யாணப் பாத்திரமெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன்.