அப்பா தைக்கும் துப்பாக்கி உறை

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று பள்ளி விவாதத்தில் துப்பாக்கிகளைத் தடை செய்யச் சொல்லிப் பேசினேன். "துப்பாக்கி விக்கிறவனுக்குப் போரடிக்கக் கூடாதுன்னுதான் போரே நடக்குது" என்றதும் வகுப்பே கைதட்டியது.

எதிரணியிலிருந்து அன்வர் எழுந்தான். தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன்.

"ஏல, ஒங்கப்பா தோல் பட்டறையில என்ன தைக்காரு? துப்பாக்கி உறைதான? எங்கயோ சண்டை வந்து ஆர்டர் கூடுனா ஒங்க வீட்டுல பிரியாணி. நீயும்தானல திங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். தோற்றேன்.

வீட்டில் அப்பா கேட்டார். "என்னத்தப் பத்திப் பேசுன?"

"துப்பாக்கியப் பத்தி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம உறையப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னியால?"

"அத அன்வர் சொல்லிட்டாம்ப்பா."

"நல்ல பய" என்றார்.