அட்டையில் எழுதிய பொய்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கைத்தையல் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழந்துணிகளை இணைத்து, விடுதிக் கண்காட்சியில் வைக்க ஒரு போர்வை தைத்தோம். கண்காட்சிக்கு முதல் நாள் வார்டன் எங்கள் தையலையெல்லாம் பிரிக்கச் சொல்லி, தையல்காரரிடம் கொடுத்து மெஷினில் அடித்து வாங்கிவிட்டார். மேலே ‘மாணவிகள் கையால் தைத்தது’ என்று அட்டை வேறு.

“கோணல்மாணலா இருந்துச்சு. வர்றவங்க சிரிப்பாங்க” என்றார்.

“அப்ப அட்டையில தையல்காரர் பேரைப் போடுங்க மேடம்.”

“வாய் ரொம்ப நீளுது உனக்கு.”

குட்டிவாத்து என்று நாங்கள் கூப்பிடும் சிறுமி போர்வையைத் தடவித் தடவிப் பார்த்து, “நான் தச்சது எங்கக்கா?” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையைக் கழற்றிவிட்டேன். அதற்காக என் தையல் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். பயப்படாதீர்கள், வேறு தண்டனை இல்லை.

ஆனால் இன்று துணி உலர்த்தப் போனால், அங்கே அத்தனை பிள்ளைகளும் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப் போர்வை தொடங்கிவிட்டோம். ஊசிப் பொட்டலம் ஒன்றும் உங்கள் பழைய புடவை ஒன்றும் அனுப்புங்கள். புடவையைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். படிப்பு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்