நான் ரேகை வைத்த காகிதம்

மட்டாஞ்சேரி
வியாழக்கிழமை

அன்பு மகள் மகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அவளுடைய முழங்கால் வலியைத் தவிர. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று போனில் கேட்டுவிட்டேன், ஆனாலும் எழுதிக் கேட்பதில் ஒரு ருசி இருக்கிறது. இது நான் எழுதும் முதல் கடிதம். மலையாளம் பிந்து டீச்சரின் முதியோர் வகுப்பில் படித்தது, தமிழ் உன் அம்மா சொல்லித் தந்தது. நீ மலையாளப் பள்ளியில் படித்தவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். நானும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், இரண்டு பேருக்கும் சரியாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு யூசுப் விடுதலையாகி வந்துவிட்டான் மகளே. ஏலக்காய் குடோனில் காவல்காரரை அடித்துப் போட்டு மூட்டை கொண்டுபோனான் என்று ஏழு வருடம் தண்டனை கொடுத்தார்களே, அவன் அதைச் செய்யவே இல்லை என்று மேல்கோர்ட் சொல்லிவிட்டது. அதற்குள் நாலு வருடம் உள்ளே இருந்துவிட்டான். போனில் சொல்ல வாய் வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அவன் உள்ளே போனது என் பெருவிரலால். அவனைப் பிடித்த அன்று சாயாக்கடையில் இருந்த என்னை ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டு, சேட்டா, ஒரு ரேகை வேணும், சும்மா சாட்சிக்குத்தான் என்றார். எனக்கு அப்போது வாசிக்கத் தெரியாதே, வைத்தேன். பிறகு கோர்ட்டில் இந்த ரேகை உன்னுடையதா என்று கேட்டார்கள். என்னுடையதுதானே, ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. பொய் சொல்லாமல் வந்தோம் என்று நிம்மதியாகச் சோறு தின்றேன். தீர்ப்பு வந்த அன்று அவன் மனைவி ஷபானா நம் வாசலில் நின்று, எங்க கட்டிலுக்கடியில போலீஸ் மூட்டைய எடுத்தத நீங்க பாத்தீங்களாமே மாமா, எப்ப வந்தீங்க எங்க வீட்டுக்கு என்று கேட்டாள். அப்படித்தான் அந்தக் காகிதத்தில் எழுதியிருந்ததாம். அதன் பிறகு அவள் நம்மோடு பேசவில்லை. அடுத்த வாரமே நான் பிந்து டீச்சரிடம் எழுத்துப் படிக்கப் போய் உட்கார்ந்தேன், கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று நம் சுமைதூக்கும் யூனியனில் சிரித்தார்கள்.

இந்த வருடம் யூசுப்புக்காக வாதாடிய ஸுப்ரியா வக்கீல் அப்பீலில் என்னை மறுபடி விசாரிக்க அனுமதி வாங்கினாள். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் வாசித்தேன். நடுவில் ஒரு வக்கீல் கொட்டாவி விட்டார், நீதிபதி மெதுவாகவே வாசியுங்கள் என்றார். முடித்துவிட்டு, இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை, இன்றைக்குத்தான் முதலில் வாசிக்கிறேன் என்றேன்.

வந்த மறுநாள் யூசுப் கூப்பிட்டனுப்பினான். போனேன். மெலிந்துவிட்டான், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அண்ணாச்சி, நீங்க வாசிச்ச வேகத்துல தண்டனையே முடிஞ்சிரும்னு நெனச்சேன் என்றான். பிறகு ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தான். பழைய வேலையில் சேர யூனியனுக்கு மனு, அதற்கு ஒரு சாட்சி வேண்டுமாம். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னைக் கேட்டான் மகளே. தலைப்பிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து வாசித்தேன். ஷபானா வைத்துவிட்டுப் போன சாயா ஆறிவிட்டது. அவள் அதை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீயும் அங்கே நீட்டுகிற காகிதத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. வெயிலில் அலையாதே. மாப்பிள்ளையும் நீயும் குறையில்லாமல் வாழ வேண்டும். ஷபானாவுக்கு ஒரு போன் போடு, இப்போது பேசுவாள்.

உன் அப்பா
பாலையா
(நானே எழுதியது)