துடைப்பது கூலி வேலையாம்

என் பிரியமான அண்ணனுக்கு,

நீ கண்மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கி, தென்காசி வரைக்கும் தூவானம். அச்செடுக்க நனைத்து வைத்த காகிதம் காயவே மாட்டேன் என்கிறது. உனக்குப் பிடித்த காலம்தான்.

போன வாரம் உன் கூட்டாளி, ஆலங்குளத்துக்காரர், மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். நீ அமிலத்தில் அரித்துக் கோடு போட்டு எச்சிங் செய்த பேரருவிச் செப்புத்தகட்டைக் கேட்டார். அங்கே ஆள் வைத்து அச்செடுத்துக் கண்காட்சி நடத்தப் போகிறாராம். இத்தனை வருஷமும் அச்செடுத்தது நான்தான் என்றேன். சிரித்துவிட்டார்.

"கோடு போட்டது உங்க அண்ணன். மையத் தடவித் துடைக்கது கூலி வேலைதானம்மா, யாரு செஞ்சா என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. மை துடைக்கும் துணியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நீங்களே செஞ்சு காட்டுங்க அண்ணாச்சி."

மையை அப்பினார், தகடு பளிச்சென்று ஆகும்வரை துடைத்தார், மேலே காகிதத்தை வைத்து அச்சு உருளைக்குள் விட்டு எடுத்தார். கோடு ஒன்றும் குறையவில்லை. ஆனால் பாறையும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை. சித்திரை மாதத்துக் குற்றாலம்!

அதே தகட்டில் அதே மையை நான் தடவினேன். பாறைமேல் மெல்லிசாக மையை விட்டுவைத்து, தண்ணீர் விழும் இடத்தை மட்டும் சாக்பீஸ் பொடி தொட்ட உள்ளங்கையால் வழித்தேன். காகிதத்தைத் தூக்கினால், கறுத்த பாறையில் அருவி இறங்குகிறது.

நான் வேலை பழகிய ஆரம்பத்தில் ஒருநாள் தகட்டை அதிகம் சூடாக்கிவிட்டேன். மை இளகி, கோட்டுக்குள் நிற்க வேண்டியதும் துணியோடு வந்துவிட்டது. "ஏட்டி, அருவியவே துடைச்சு எடுத்துட்டியே!" என்று கத்தினாய். அப்படித் திட்டு வாங்கிப் பழகிய கை, கூலிக் கையா?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராதே" என்று உன் கூட்டாளி இழுத்தார்.

"அருவி என்னைக்கு அண்ணாச்சி ஒரே மாதிரி விழுந்துது?"

தகட்டைக் கொடுக்கவில்லை. வெறுங்கையோடுதான் ரயிலேறினார்.

அவர்மேல் கோபம் ஆறிவிட்டது. உன்மேல்தான் ஆறவில்லை. ஒவ்வொரு படத்திலும் உன் கையெழுத்தைப் போட்டாயே, அவரிடம் ஒரு தரமாவது என் பெயரைச் சொன்னாயா? பாசத்துக்கு ஒரு குறையும் வைக்காதவன், இதை மட்டும் ஏன் மறந்தாய்? நானும் ஏன் கேட்காமல் இருந்தேன்?

கண்காட்சியை நானே தென்காசியில் வைக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் வலது ஓரத்தில் உன் பெயர் இருக்கும், இடது ஓரத்தில் என் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே அளவு எழுத்தில். இது சத்தியம்.

உன்னோடு சேர்ந்து அந்த அருவியை உண்டாக்கிய தங்கை,
கோமதி