மேலாளர் ஊற்றிய காபி

வீட்டின் நிரந்தரப் பொதுச்செயலாளருக்கு, உன் ஒரே உறுப்பினன் எழுதுவது. நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. ஸ்டூல் கேட்டுப் பேச, கூட வேலை செய்பவர்கள் என்னை மேலாளரிடம் அனுப்பினார்கள். மேலாளரே காபி ஊற்றிக் கொடுத்தார், குடித்துவிட்டேன். ஸ்டூல்களும் வந்தன. பக்கத்தில் வேலை செய்பவள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, புரட்சி மெதுவா வரட்டும், இனி உக்காந்தே காத்திருக்கலாம்" என்றாள்.

சிரித்தேன். உடனே உன் அண்ணன் நினைவு வந்தது. அந்தக் காலத்தில் இதேபோல் மேலாளர் அறையில் டீ குடித்து, பதினைந்து நிமிட ஓய்வு வாங்கி வந்த மனுஷனை, 'சலுகைக்குச் சமரசமாகி, சமூக ஜனநாயகம் பேசும் துரோகி' என்று சங்கத்தைவிட்டு நீக்கியவன் நான்தானே. அதுவரை பேனரின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். அவர் உயரத்துக்கு என்னால் தூக்க முடியாமல் முழக்கம் சரிந்தே ஊர்வலம் போகும். என்ன நாட்கள் அவை!

ஆலை இன்னும் முதலாளியுடையதுதான். சலுகை சோஷலிசத்துக்கு மாற்றாகாது. அதில் நான் மாறவில்லை. ஆனால் அது வரும்வரை கால் வீங்க நில் என்று பக்கத்தில் வேலை செய்பவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தைலம் இரண்டு பாட்டில் அனுப்பு. அந்தப் பழைய வாதத்தில் நான் தோற்றதை அண்ணனிடம் சொல்லாதே, அவரைக் கையில் பிடிக்க முடியாது. ஷிஃப்டுக்கு நேரமாயிற்று. அவர் நம்பரை வாங்கி அனுப்பு. நான் கூப்பிட்டால் எடுக்கச் சொல்.