பரிமளக்கா வீட்டில் என் பெட்டி

ஒக்டோபர் 9, புதன்
காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. அண்ணா விதைப்பில். கானாப் பள்ளிக்கூட வேலைக்குக் கப்பல் நவம்பர் நாலாந் திகதி. ஆனால் பயணத்துக்கு நல்ல நாள் இன்றைக்கு விட்டால் இல்லை என்று அம்மா பஞ்சாங்கம் பார்த்துவிட்டார். ஆகவே பெட்டி மட்டும் முதலில் புறப்பட்டது. தலைவாசலால் தூக்கிப்போய் அடுத்த காணிப் பரிமளக்கா வீட்டில் வைத்தாயிற்று. நான் போகும்வரை அது திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது.

பெட்டியில்: ஆறு சேலை, சான்றிதழ்கள், இங்கிலீஷ் இலக்கணம் இரண்டு, மிளகாய்த்தூள் போத்தல். வெளியில் எனக்கு: இரண்டு நூல் சேலை.

கானாவில் எந்த ஊர், ரீச்சர் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். கரும்பலகையில் எழுதினேன். மணி அடித்த பிறகும் அழிக்க மனம் வரவில்லை.

ஒக்டோபர் 15, செவ்வாய்
மழை. வவுனியாவிலிருந்து சிநேகிதி கமலாவின் கடிதம். கானாவில் அவளுக்கும் புருஷனுக்கும் என் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. நான் அவர்களோடு போவதாக ஏற்பாடு. அண்ணா சம்மதித்ததே அதனால். இப்போது கமலாவுக்கு மூன்று மாதமாம். பயணம் பிறகாம்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. முதலில் கோபம்தான் வந்தது. வெட்கம்.

ஒக்டோபர் 17, வியாழன்
அண்ணாவிடம் சொன்னேன். சேற்றுக் காலோடு நின்று கேட்டார். கொழும்பில் ஏற்றிவிட்டால் போதும், அங்கே துறைமுகத்துக்குத் தலைமையாசிரியையே வருகிறாராம் என்று கடிதத்தைக் காட்டினேன். தொடவில்லை. கை ஈரம் என்றார்.

"தனியப் பொம்பிளைப் பிள்ளையைக் கப்பலில ஏத்திப்போட்டு நான் இஞ்ச என்னெண்டு நித்திரை கொள்ளுறது? கமலா போகேக்க போ. பேந்து பாப்பம்."

பேந்து. பிறகென்றால் தை பிறந்துவிடும், அந்த இடம் வேறு யாருக்கோ. அண்ணாவுக்கும் தெரியும்.

அம்மா எழும்பி உள்ளே போனார். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் மட்டும். அம்மா என் பக்கம்தான்.

ஒக்டோபர் 22, செவ்வாய்
வெள்ளம். முரசுமோட்டை பஸ் இல்லை. பள்ளிக்கூடம் அரைநாள். இரண்டு சேலையும் காயவில்லை, ஈரத்தோடு போனேன். பெட்டியில் ஒன்று எடுக்கலாமென்று பரிமளக்கா வீட்டுக்குப் போனால், திறக்கவும் கூடாதாம். பெட்டிமேல் வெங்காயம் பரப்பியிருக்கிறா. பெட்டி பயணத்தில், நான் இங்கே.

யோசித்த வழிகள்:
1. அதே கப்பலில் வேறு ரீச்சர் யாராவது? யாழ்ப்பாணத்துக்கு எழுதினேன், பதில் இல்லை.
2. அம்மா அண்ணாவோடு கதைப்பது. கேட்டேன். "பாப்பம்" என்றார்.
3. சொல்லாமல் போவது. பெட்டி பரிமளக்காவிடம். அவ வாய் திறந்தால் கிளிநொச்சி ஸ்ரேசன் வரை கேட்கும்.

மூன்றாவதை வெட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 25, வெள்ளி
மழை விட்டது. தலையிடி. பள்ளிக்கூடத்தால் வந்தால் பெட்டி குசினிக்குள், அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில். அண்ணா எடுக்கச் சொல்லவில்லையாம். அம்மாவே போய் எடுத்திருக்கிறார். பின்வாசலால் கொண்டுவந்தால் குறையில்லையாம்.

"வெங்காய மணம் பிடிச்சிடும் பிள்ளை. அதுதான்."

அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். அழுதேன். உலர்ந்த சேலை உடுத்தேன்.

ஒக்டோபர் 27, ஞாயிறு
நல்ல வெயில். நெல் முளைத்திருக்கிறது. கானாவுக்குக் கடிதம், வர இயலாது என்று. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதில் ஒரு பிழை இல்லை, ஒரு வெட்டு இல்லை. ஒட்டுவதற்கு முன் அண்ணா வாங்கி, கதிரையில் இருந்து ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார்.

"நல்ல இங்கிலீஷ்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாலுக்குப் போனார்.