முதுகில் ஜோக்கர்

நவம்பர் 14, திங்கள்

தூறல். வேலைக்குப் போறதுக்கு முன்னால சட்டை தொவைச்சேன். முதுகுப் பக்கம் கசக்கும்போது சுருக்குன்னு ஊக்கு. பார்த்தா ஜோக்கர் சீட்டு. சனிக்கிழமை ரயில்ல தோத்ததுக்கு லோகு குத்தி விட்டது. எறங்கும்போது எடுக்க மறந்திருக்கேன்.

ஆக, திருநின்றவூர் ஸ்டேஷன்லேர்ந்து வீடு வரைக்கும் ஜோக்கரோட ஊர்வலம். மளிகைக் கடைல முட்டை வாங்கினேன். பக்கத்து வீட்டம்மாகிட்ட தண்ணி மோட்டார் பத்தி அரை மணி நேரம் பேசினேன். பேசிட்டு முதுகைக் காட்டித்தானே வந்திருப்பேன்? ஒருத்தரும் சொல்லல. வீட்டுல ஆள் இருந்தா வாசல்லயே கேட்டிருக்கும்.

சீட்டு நனைஞ்சு போச்சு. சோத்துப் பானை மூடி மேல காய வெச்சேன். சாயங்காலம் வேணுமே.

சரோஜா போயி நாலு மாசம். மாங்காட்டுல பொண்ணு கலா வீட்டுல இருக்கா. அன்னிக்கு கலா கல்யாணம் முடிஞ்சு மாப்ள வீட்டு விருந்து. சம்பந்தி ஜனம் மொத்தமும் எலைல உக்காந்திருக்கு. "எங்க வீட்டம்மாவுக்கு பஸ் நம்பர் படிக்கத் தெரியாது, டிரைவர் மூஞ்சிய பார்த்துதான் ஏறும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அதை நான் நம்பிட்டேன். கிளம்பும்போது, "நீ போ, நான் வர்ல"ன்னா.

நான் மட்டும் என்ன, அஞ்சாங் கிளாஸ்.

இந்த டைரி எங்க பைண்டிங் பட்டறைல தப்பா தைச்சது. ஜூன் ரெண்டு தடவை, ஆகஸ்டே இல்ல. முதலாளி தூக்கிப் போடச் சொன்னார். நவம்பர் ஒழுங்காத்தான் கீது. சாப்பாட்டுப் பைல வெச்சுக்கறேன்.

15, செவ்வாய்

வெயில். 5.40 வண்டி, கடைசிலேர்ந்து ரெண்டாவது பொட்டி. நாலு பேரு. துரைசாமி சார் சூட்கேஸை முழங்கால் மேல வெச்சா அதான் மேஜை. ஆளுக்கு மூணு சீட்டு, இருபது தீக்குச்சி. கை நல்லா இருந்தா குச்சி ஏத்தலாம். காலியா இருந்தாலும் ஏத்தலாம், எதிராளி பயந்து சீட்டைப் போட்டுட்டா நமக்குக் கெலிப்பு. நம்பலேன்னா அவன் 'ஷோ' கேப்பான், தொறந்து காட்டணும். குச்சி தீந்தவன் முதுகுல ஜோக்கர், எறங்கற வரைக்கும்.

சீனு சேர்ந்து மூணு வாரம். பேங்க் கிளார்க்கு. ஆட்டத்துக்குப் புதுசு. புதுசுங்களைப் படிக்க அஞ்சாங் கிளாஸே அதிகம்.

— நல்ல சீட்டு வந்தா வெரல் நடுங்கும். பயம்னு நெனச்சு ஏத்தினா நாம காலி.
— சீட்டைப் பார்த்த உடனே கண்ணு தன் குச்சிக்கு ஓடும். ஏத்தப் போறான்.
— சும்மா மெரட்டறப்ப மூச்சு நின்னுடும். அம்பத்தூர்ல பிடிச்சது, அண்ணனூர்லதான் விட்டான்.

"தம்பி, மூச்சு விடுப்பா. ஆவடில ஆஸ்பத்திரி தேட எனக்கு நேரமில்ல"ன்னேன். பொட்டியே சிரிச்சுது.

துரைசாமி சார் மட்டும் சிரிக்கல. "வீட்டம்மா வந்தாச்சாவே?"

"எங்க சார், பேரன் பொறந்துதான் வருவா. அது வரைக்கும் நான் பிரம்மச்சாரி. நல்ல எடமா இருந்தா சொல்லுங்க."

மறுபடி சிரிப்பு. கலா முழுகாம இருக்கு, அதான் அம்மா தொணைக்குப் போயிருக்கான்னு ரயில்ல சொல்லி வெச்சிருக்கேன். கலா முழுகாமல்லாம் இல்ல.

அப்ப என் கைல இருந்தது ஏழு, மூணு, ரெண்டு.

16, புதன்

லோகுவை இன்னிக்கு உரிச்சேன்.

லோகு பட்டாபிராம்காரன், மோட்டார் மெக்கானிக். ஆட்டம் பாதி தெரியும். பாதி தெரிஞ்சவன் தன்னைப் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சு நடிப்பான். அதனால அவனைத் தலைகீழா படிக்கணும். பெருமூச்சு விட்டு, ஜன்னலைப் பார்த்து, "இன்னா சீட்டுப்பா இது"ன்னு அலுத்துகினான்னா ராஜா ஜோடி. சீட்டை டப்புன்னு அடிச்சு என்னையே மொறைச்சான்னா ஒண்ணுமில்ல.

இன்னிக்கு அடிச்சான். மொறைச்சான்.

"மாமே, சீட்டைப் போட்டுடு. உனுக்கு ஊக்கு ரெடியா கீது."

எங்கிட்ட ராணி ஜோடி. ஒண்ணும் பேசல. ஷோ கேட்டேன். ஒம்போது, ஆறு, நாலு. ஜோக்கர் அவன் முதுகுல. பட்டாபிராம்ல எறங்கறப்ப அவன் மூஞ்சி போன போக்கு!

வீட்டுக்கு வந்ததும் சொல்லணும்னு வாய் துறுதுறுன்னுது. பூட்டைத் தொறந்தேன். ரேடியோல செய்தி வாசிச்சாங்க. அவங்களுக்கு என் செய்தி வேணாம்.

17, வியாழன்

துரைசாமி சார்கிட்ட மாட்டினேன்.

அவர் திருநெவேலிப் பக்கம். ஆவடி குவார்ட்டர்ஸ், வீட்டம்மா ஃபேக்டரில வேலை பாக்கறதால கெடைச்சது. ஆடும்போது மூஞ்சில ஒண்ணும் ஓடாது, மூடின கடை. ஆறு மாசமா பார்த்து ஒண்ணே ஒண்ணு பிடிச்சு வெச்சிருந்தேன். பொய்யா குச்சி ஏத்தறப்ப கட்டை வெரல் சூட்கேஸ் ஓரத்தைத் தடவும். இன்னிக்குத் தடவிச்சு. இருந்த பன்னெண்டு குச்சியும் போட்டு ஷோ கேட்டேன்.

மூணு ராஜா.

"அது உமக்காகத் தடவினதுவே. ஆறு மாசமால்லா தடவுதேன்."

ஆக, கெட்டிக்காரன்கிட்ட நம்ம கண்ணுக்கு ஆப்புடறது எல்லாம் அவனா தொங்க விட்ட புழு. 

ஜோக்கர் எனக்கு. எறங்கும்போதே எடுத்துட்டேன்.

18, வெள்ளி

கொட்டற மழை. வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு, நிக்கவே எடமில்ல, ஆட்டம் இல்ல. மண்ணெண்ண தீந்துபோச்சு. பன்னு, வாழப்பழம். வாசல்ல செருப்பு சத்தம் கேட்டு எழுந்து போனேன். பக்கத்து வீடு.

19, சனி

அரை நாள். ரெண்டு மணி வண்டி.

சீட்டே சரியில்ல. அம்பத்தூர் வரதுக்குள்ள குச்சி பாதி போச்சு. கைல எட்டு, அஞ்சு, ரெண்டு. சீனுவோட டையைக் கிண்டல் பண்ணேன், லோகு தலைல எண்ணெய், டிக்கெட் கலெக்டர் தொப்பை. பொட்டியே கலகல. கடைசி குச்சி வரைக்கும் ஏத்தினேன். துரைசாமி சார் ஷோ கேட்டார். போச்சு. லோகு சந்தோஷமா ஊக்கை எடுத்துகினு பின்னால வந்தான்.

"ஒம்மகிட்டயும் அடையாளம் ஒண்ணு உண்டும், தெரியுமாவே?"ன்னார் சார்.

"எங்கிட்டயா? இன்னா சார் அது?"

"கை காலியா இருந்தா ஒமக்கு வாய் நிக்காது. நல்ல சீட்டு வந்தா ஊமை."

"ஆமா மாமே, எனுக்கே தெரியுமே"ன்னான் லோகு.

சீனுவைப் பார்த்தேன். "வந்த வாரமே தெரிஞ்சுது அண்ணே"ன்னு தலையைக் குனிஞ்சுகிட்டான்.

நான் எல்லாரையும் தரம் பிரிச்சுகினு இருந்தேன். புதுசுக்கும் கீழ ஒரு தரம் கீது போல.

ஆவடி வந்துச்சு. எழுந்த சார் என் காதுகிட்ட குனிஞ்சார். "நாலு மாசமா வாய் நிக்கலியேவே. பேரப்பிள்ளைன்னு ஒண்ணும் இல்லைல்லா?"

ஒரு ஜோக்கு வந்துச்சு. முழுங்கினேன். "இல்ல சார்."

அவர் பின்னாலயே நானும் எறங்கிட்டேன். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கேர்ந்து மாங்காட்டுக்கு ஒண்ணு. பின் சீட்டுல ரெண்டு பொம்பளைங்க வழியெல்லாம் சிரிச்சுகினே வந்தாங்க. என்ன சந்தோஷமோ.

கலாதான் கதவைத் தொறந்துச்சு. "வாப்பா"ன்னு சொல்லிட்டு அம்மாவைப் பார்த்துச்சு. சரோஜா மொறத்துல அரிசி வெச்சு கல்லு பொறுக்கிட்டிருந்தா. நிமிரல. வழியெல்லாம் பத்து ஜோக்கு சேத்து வெச்சிருந்தேன். ஒண்ணையும் எடுக்கல.

"விருந்துல அப்படிப் பேசினது தப்பு"ன்னேன். "கிண்டல்னு நெனச்சேன். நீ சிரிச்சதைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

கல்லு பொறுக்கினா. இவ எந்தத் தரம்? இருவத்தி மூணு வருஷம் எதுர்ல உக்காந்தவ. ஒரு அடையாளம் பிடிச்சு வெக்கல நான். ரயில்ல இருக்கறவன் வெரலையெல்லாம் படிச்சேன்.

மொறம் காலியாச்சு. "சரி, வரேன்"னு திரும்பினேன்.

"நில்லு."

முதுகுல கை. ஊக்கு அவுந்துது.

"இன்னா இது? இத்தோடவா ரெண்டு பஸ்ஸு ஏறி வந்த?"

வாயைத் தொறக்கல.

"வழில ஒருத்தரும் சொல்லலியா?"

"இல்ல."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம், "கழட்டு அதை. ஊக்கு இழுத்து கிழிஞ்சிகீது"ன்னா.

மாப்ள சட்டையைப் போட்டுகினு எழுதறேன். தோள்பட்டை பிடிக்குது. உள்ள ஊசில நூல் கோக்கறா. கலாகிட்ட கேக்கறது கேக்குது: "காலைல பூந்தமல்லிக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்குடி?"

யாருக்குன்னு நான் ஷோ கேக்கல.